வெப்பமும் எஞ்சின் எண்ணெயும்

சுழலும் பொறி எதுவாயினும் அதற்கு இரு பகைகள் உண்டு. ஒன்று உராய்வு, மற்றையது அவ்வுராய்விலிருந்து பிறக்கும் வெப்பம். இவ்விரண்டையும் ஒருங்கே அடக்குவதற்கு மனிதன் கண்ட வழி எண்ணெய். ஆயினும் எண்ணெய்க்கும் ஒரு குறை உண்டு. எந்த வெப்பத்தை அடக்குவதற்கென அது ஊற்றப்படுகின்றதோ, அதே வெப்பம் அதனை இளக்குகின்றது, ஆவியாக்குகின்றது, நாளடைவிற் பிசினும் கரியுமாக மாற்றிவிடுகின்றது. மிகு வேகத்தில் ஓடும் கார்களில் இக்குறை விரைவில் வெளிப்படும். அக்கார் வெயில் மிகுந்த நாட்டில் ஓடுமாயின் இன்னும் விரைவில் வெளிப்படும்.

அத்தகைய காருக்கு எவ்வெண்ணெய் தக்கது என வினவினால் இரு விடைகள் பொதுவாகக் கிடைக்கும். வெயில் நாட்டிற்குத் தடித்த எண்ணெயே நல்லது என்பது ஒன்று. போத்தலின் மேல் ‘சிந்தெட்டிக்’ என்று எழுதியிருந்தாற் போதும் என்பது மற்றொன்று. இவ்விரண்டும் ஆதாரமின்றிப் பிறந்த நம்பிக்கைகள் அல்ல. ஒவ்வொன்றும் உண்மையாயிருந்த ஒரு காலம் இருந்தது. அக்காலம் எப்படி வந்தது, எப்படிக் கழிந்தது என்பதை அறிந்தாலன்றி இன்று எண்ணெய் தெரிவு செய்வோன் ஏமாறாதிருத்தல் அரிது.

உராய்வைத் திரவத்தாற் குறைக்கும் அறிவு மிகப் பழையது. எகிப்து நாட்டிலே, எல்-பெர்ஷா என்னுமிடத்தில், ஜெகுத்திகோத்தெப் என்னும் பிரபுவின் கல்லறை ஒன்று உண்டு. அது கி.மு. 19ஆம் நூற்றாண்டினது. அதன் சுவரோவியத்தில், பெருஞ் சிலையொன்றைச் சறுக்குமரத்தின் மேலேற்றிப் பலர் இழுத்துச் செல்கின்றனர். சறுக்குமரத்தின் முன்புறத்தில் நிற்கும் ஒருவன் அதன் வழியிலே திரவம் ஊற்றிக்கொண்டிருக்கிறான். தமிழூர்களிலும் மாட்டுவண்டியின் அச்சுக்கு வைக்கோற் கரியை ஆமணக்கெண்ணெயிற் குழைத்து ‘வண்டி மை’ இடும் வழக்கம் நெடுங்காலம் இருந்தது. வேகம் சிறிது, வெப்பமும் சிறிது என்றிருந்த அந்நாளில் விலங்குக் கொழுப்பும் விதை எண்ணெயும் போதியனவாயிருந்தன.

நீராவி இயந்திரம் வந்தபின் நிலைமை மாறிற்று. சிலிண்டருக்குள் உராய்வைத் தணிக்க அக்காலத்தார் மாட்டுக்கொழுப்பைப் பயன்படுத்தினர். நீராவியின் அழுத்தமும் வெப்பமும் உயர உயர, அக்கொழுப்பு சிதைந்து அமிலமாகி உலோகத்தையே அரிக்கத் தொடங்கிற்று. 1859ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் டைட்டஸ்வில் என்னும் ஊரருகே எட்வின் டிரேக் எண்ணெய்க் கிணறு தோண்டி வெற்றி கண்டார். நிலத்தடி எண்ணெயை விளக்கெரிக்க மட்டும் எண்ணிய காலம் அது. 1866ஆம் ஆண்டில் ஜோன் எல்லிஸ் என்னும் மருத்துவர் அவ்வெண்ணெயிலிருந்து நீராவிச் சிலிண்டருக்கு ஏற்ற எண்ணெயொன்றை ஆக்கி விற்கலானார். வால்வுகளைக் காத்த அவ்வெண்ணெய் பின்னர் ‘வால்வொலின்’ எனப் பெயர் பெற்றது. கொழுப்புச் சிதைந்த வெப்பத்திலும் இக்கனிய எண்ணெய் நிலைத்து நின்றது. எண்ணெயின் வரலாற்றில் வெப்பம் நடத்திய முதற் பெருஞ் சோதனை இதுவெனலாம்.

எண்ணெய் எவ்வாறு வேலை செய்கின்றது என்பது அப்போதும் எவருக்கும் தெளிவாகத் தெரிந்திருக்கவில்லை. இங்கிலாந்தின் இயந்திரப் பொறியியலாளர் நிறுவனம் இதனை ஆராயும் பணியை பீச்சம் டவர் என்பவரிடம் ஒப்படைத்தது. 1883ஆம் ஆண்டு அவர் புகையிரத அச்சைத் தாங்கும் தாங்கியொன்றைச் சுழற்றிச் சோதித்தார். பெயரிங் என வழங்கப்படும் அத்தாங்கியின் மேற்புறத்தில் எண்ணெய் விடுவதற்காக ஒரு துளை இடப்பட்டது. அச்சுச் சுழன்றபோது அத்துளை வழியே எண்ணெய் மேலே பொங்கியது. தக்கையால் அடைத்தார், தக்கை வெளியே தள்ளப்பட்டது. அழுத்தமானியைப் பொருத்திப் பார்த்தபோது அதன் முள் அளவின் எல்லையையும் கடந்தது. சுழலும் அச்சு தானே எண்ணெயை இழுத்துச் சென்று, தன்னைத் தாங்கும் அழுத்தத்தையும் உண்டாக்கிக்கொள்கின்றது என்பது அப்போது வெளிப்பட்டது. மான்செஸ்டரில் பேராசிரியராயிருந்த ஒஸ்போன் றெனோல்ட்ஸ் 1886ஆம் ஆண்டில் இதற்குக் கணித விளக்கம் தந்தார்.

அவ்விளக்கத்தின் சாரம் எளியது. நன்கு இயங்கும் பொறியில் உலோகம் உலோகத்தைத் தொடுவதில்லை. இடையே நிற்கும் மெல்லிய எண்ணெய்ப் படலத்தின் மேல் அது மிதக்கின்றது. அப்படலத்தின் தடிப்பை நிர்ணயிப்பன மூன்று: சுழலும் வேகம், தாங்கும் பாரம், எண்ணெயின் பாகுநிலை. பாகுநிலை என்பது திரவம் ஓடாமல் தன்னைத் தடுத்துக்கொள்ளும் இயல்பு. தேனுக்கு அது மிகுதி, நீருக்குக் குறைவு. எண்ணெய் மிக இளகினால் படலம் அறும், உலோகம் உராயும். எண்ணெய் மிகத் தடித்தாலோ, தன்னைத் தானே அரைத்துக்கொள்வதால் வெப்பம் கூடும், ஒடுங்கிய வழிகளில் ஓட்டம் குறையும், வலு வீணாகும். வெயில் நாட்டிற்குத் தடித்த எண்ணெய் என்னும் கொள்கையின் பாதி உண்மையும் பாதிப் பிழையும் இவ்விடத்திலேயே தெரிந்துவிடுகின்றன. தேவைப்படுவது வேலை நடக்கும் வெப்பநிலையில் அளவான பாகுநிலை.

பெற்றோல் எஞ்சினும் விமானமும் பிறந்தபோது ஆமணக்கெண்ணெய் மீண்டும் அரங்கேறிற்று. பிரான்சின் செகென் சகோதரர்கள் 1908ஆம் ஆண்டளவில் ஆக்கிய நோம் என்னும் விமான எஞ்சினில் கிராங் தண்டு அசையாது நிற்க, சிலிண்டர்கள் யாவும் அதனைச் சுற்றிச் சுழன்றன. பெற்றோற் கலவை கிராங் அறையின் ஊடாகவே சிலிண்டர்களுக்குச் சென்றது. அங்கே கனிய எண்ணெயை விட்டால் பெற்றோல் அதனைக் கரைத்துக் கழுவிவிடும். ஆமணக்கெண்ணெயோ பெற்றோலில் எளிதிற் கரையாது. வெப்பத்திலும் உலோகத்தை இறுகப் பற்றி நிற்கும். ஆகவே அவ்வெஞ்சின்கள் ஆமணக்கெண்ணெயை உண்டு, எரிந்ததும் எரியாததுமாக அதனை வெளியே சிதறின. திறந்த ஆசனத்தில் இருந்த விமானிகள் அப்புகையைச் சுவாசித்தபடியே பறந்தனர்.

பந்தயக் கார்களும் இதே எண்ணெயை நாடின. இலண்டனில் 1899ஆம் ஆண்டில் எண்ணெய் வாணிபம் தொடங்கிய சார்ள்ஸ் வேக்ஃபீல்ட் என்பவர், கனிய எண்ணெயுடன் ஆமணக்கெண்ணெயையும் சேர்த்து 1909ஆம் ஆண்டில் ஒரு புதிய எண்ணெயை வெளியிட்டார். ஆமணக்கெண்ணெய்க்கு ஆங்கிலத்தில் வழங்கும் ‘காஸ்டர்’ என்னும் பெயரைத் தழுவி அதற்கு ‘காஸ்ட்ரோல்’ எனப் பெயரிட்டார். முதலாம் உலகப் போரில் ஆமணக்கெண்ணெய் போர்ப்பொருளாகவே மதிக்கப்பட்டது. கடல்வழி அடைக்கப்பட்ட ஜேர்மனி, அதற்குப் பதிலாக ‘வோல்ட்டோல்’ என்னும் மாற்றெண்ணெயைக் கையாண்டது. 1918ஆம் ஆண்டின் கோடையில் அம்மாற்றெண்ணெயுடன் பறந்த சுழல் எஞ்சின்கள் சூடேறிப் பழுதுற்றன. குளிர் காலத்திற் பொறுத்த எண்ணெய் கோடையில் கைவிட்டது என்பது இங்குக் கருதத்தக்கது.

ஆமணக்கெண்ணெயும் குறையற்றதன்று. வெப்பத்தில் ஒட்சிசனோடு சேர்ந்து அது பிசினாக இறுகும். பந்தயம் முடிந்தவுடன் வடித்துவிட்டு எஞ்சினைக் கழற்றித் துப்புரவு செய்யும் பந்தயக்காரருக்கு இது பெருந் தொல்லையன்று. நாள்தோறும் ஓடும் காருக்கோ அது ஆகாது. ஒரு மணி நேரம் உயர்ந்த வெப்பத்தைத் தாங்குதல் ஒரு குணம். பல மாதங்கள் கெடாதிருத்தல் வேறொரு குணம். இவ்விரண்டையும் ஒரே எண்ணெயிற் காணும் முயற்சியே அடுத்த அரை நூற்றாண்டின் வரலாறாயிற்று.

முதலில் அளவுகோல் வேண்டியிருந்தது. அமெரிக்காவின் மோட்டார்ப் பொறியியலாளர் சங்கம் 1905ஆம் ஆண்டில் தோன்றியது. அச்சங்கம் 1911ஆம் ஆண்டில் எண்ணெய்களைப் பாகுநிலைப்படி வகுத்தது. இன்று போத்தல்களிற் காணப்படும் 30, 40, 50 என்னும் எண்கள் அவ்வகுப்பின் வழிவந்தவை. ஆயினும் ஒரு வெப்பநிலையில் ஒரே பாகுநிலையுடைய இரு எண்ணெய்கள் வெப்பம் ஏறும்போது ஒரே அளவில் இளகுவதில்லை. இவ்வேறுபாட்டை அளக்க டீன், டேவிஸ் என்னும் இருவர் 1929ஆம் ஆண்டில் பாகுநிலைச் சுட்டெண் என்னும் முறையை வகுத்தனர். வெப்பத்தில் மிகக் குறைவாக இளகிய பென்சில்வேனிய எண்ணெய்க்கு 100 எனவும், மிக அதிகமாக இளகிய மெக்சிக்கோ வளைகுடாக் கரை எண்ணெய்க்கு 0 எனவும் மதிப்பிட்டனர். சுட்டெண் உயர உயர, எண்ணெய் வெப்ப மாற்றத்திற்கு அசைந்து கொடாது.

தடித்த எண்ணெய் பற்றிய நம்பிக்கை வேரூன்றியது இக்காலத்திலேயே. அன்றைய எண்ணெய்களின் சுட்டெண் தாழ்வு. ஆகவே குளிர் நாட்டார் 20 அல்லது 30 இலக்க எண்ணெயையும், வெயில் நாட்டார் 40 அல்லது 50 இலக்க எண்ணெயையும் பயன்படுத்தினர். அன்றைக்கு அது நன்கு ஆராய்ந்து செய்த தெரிவே. 1930களில் நீண்ட பல்பகுதிய மூலக்கூறுகளை எண்ணெயிற் கலந்து, வெப்பத்தில் அது அதிகம் இளகாமற் செய்யும் வழி காணப்பட்டது. 1940களில் நாகமும் பொசுபரசும் கந்தகமும் அடங்கிய தேய்வுதடுப்புச் சேர்மானங்கள் வந்தன. 1950களில் 10W-30 போன்ற பல்தர எண்ணெய்கள் பரவின. அவற்றில் W என்னும் எழுத்து பனிக்காலத்தைக் குறிக்கும். அதற்கு முன்னுள்ள எண் குளிரில் எண்ணெயின் இயல்பையும், பின்னுள்ள எண் சூடேறிய பின் அதன் பாகுநிலையையும் காட்டும். வெயில் நாட்டில் காரோட்டுவோன் முதலில் நோக்கவேண்டியது பின்னுள்ள எண்ணையே. ஆனால் பல்தர எண்ணெயைத் தாங்கிநின்ற நீண்ட மூலக்கூறுகள், வேகமாகச் சுழலும் எஞ்சினின் ஒடுங்கிய இடைவெளிகளிற் சிக்கி அறுந்துபோயின. அறுந்தபின் 50 என்று ஊற்றிய எண்ணெய் 40 ஆகவும் 30 ஆகவும் இளகிற்று. போத்தலின் எண்ணும் எஞ்சினுள் இருந்த எண்ணெயும் வேறுபட்டன.

இக்குறைக்கு மாற்று எண்ணெயின் மூலக்கூறிலேயே தேடப்பட்டது. நிலத்தடி எண்ணெய் என்பது பெரியனவும் சிறியனவும், நேரானவும் வளைந்தனவுமான பல்வகை மூலக்கூறுகளின் கூட்டம். சிறியவை வெப்பத்தில் முதலில் ஆவியாகும். நிலையற்றவை முதலில் ஒட்சியேற்றமடையும். மெழுகுத் தன்மையுள்ளவை குளிரில் உறையும். வேண்டிய மூலக்கூறை மட்டும் தொகுத்து ஆக்கினால் இத்தொல்லைகள் குறையும். பிரான்சில் சார்ள்ஸ் ஃபிரிடெல், ஜேம்ஸ் கிராஃப்ட்ஸ் என்னும் இரசாயனவியலாளர் 1877ஆம் ஆண்டிலேயே இவ்வகை எண்ணெயை ஆய்வுகூடத்தில் ஆக்கியிருந்தனர். 1925ஆம் ஆண்டில் ஜேர்மனியில் ஃபிஷர், ட்ரொப்ஷ் என்னும் இருவர் காபனோரொட்சைட்டையும் ஐதரசனையும் சேர்த்துத் திரவ எரிபொருள் ஆக்கும் முறையைக் கண்டனர். இண்டியானாவின் ஸ்ராண்டர்ட் ஒயில் கொம்பனி 1929ஆம் ஆண்டளவில் தொகுப்பெண்ணெயை விற்க முயன்றது. வாங்குவார் இல்லாமல் அம்முயற்சி ஓய்ந்தது. நிலத்தடி எண்ணெய் மலிவாயிருந்த அந்நாளில் விலை கூடிய எண்ணெயை நாட எவருக்கும் தேவை எழவில்லை.

அத்தேவையை எழுப்பியது விமானத் தாரை எஞ்சின். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ஜேர்மனியில் ஹேர்மன் ட்சோர்ன் என்பவர் மிகப் பல எசுத்தர் எண்ணெய்களை ஆக்கிச் சோதித்தார். எசுத்தர் என்பது அமிலமும் அற்ககோலும் சேர்ந்து உண்டாகும் சேர்வை. போரின் பின்னர் தாரை எஞ்சின்களின் தாங்கிகள் கனிய எண்ணெய் பொறுக்கமாட்டாத வெப்பத்தை எட்டின. அதே எண்ணெய் வானுயரத்தின் கடுங்குளிரிலும் உறையாது ஓடவேண்டியிருந்தது. 1950களின் முற்பகுதியில் அமெரிக்க விமானப்படை இவ்விரு நிபந்தனைகளுக்கும் ஏற்ற எசுத்தர் எண்ணெய்க்குத் தரவிதி வகுத்தது. ஆமணக்கெண்ணெயும் இயற்கையிற் கிடைக்கும் எசுத்தரே என்பது இங்கு நினைக்கத்தக்கது. அதன் உலோகப் பற்றைக் காத்துக்கொண்டு, பிசினாகும் குறையை நீக்கியதே புதிய எசுத்தர்களின் சிறப்பு.

விமானத்திலிருந்து காருக்கு இவ்வெண்ணெய் இறங்கியது 1970களில். 1971ஆம் ஆண்டில் பிரான்சின் மொட்டூல் கொம்பனி, எசுத்தரை அடிப்படையாகக் கொண்ட 300V என்னும் பந்தய எண்ணெயை வெளியிட்டது. 1972ஆம் ஆண்டில், தாரை விமானப் பிரிவொன்றின் தளபதியாயிருந்த அல்பேட் அமட்டூசியோ, அமெரிக்காவில் கார்களுக்கான தொகுப்பெண்ணெயை விற்பனைக்குக் கொண்டுவந்தார். 1974ஆம் ஆண்டில் மொபில் 1 வந்தது. இதன் அடிப்படை பல்-அல்பா-ஒலிஃபீன். எதிலீன் வாயுவிலிருந்து பத்துக் காபன் அணுக்களுடைய சிறு மூலக்கூறுகளை ஆக்கி, அவற்றை மூன்றும் நான்குமாகப் பிணைப்பதால் இவ்வெண்ணெய் உருவாகும். மூலக்கூறுகள் ஏறத்தாழ ஒரே அளவினவாதலின் அது எளிதில் ஆவியாகாது. அதன் பாகுநிலைச் சுட்டெண் இயல்பாகவே உயர்ந்தது. எளிதில் அறும் நீண்ட மூலக்கூறுகளை அதற்கு அதிகம் சேர்க்கவேண்டியதில்லை. ‘சிந்தெட்டிக்’ என்னும் சொல்லுக்கு மதிப்பு உண்டானது இவ்வகையிலேயே.

இனி, எஞ்சினுள் வெப்பம் எங்கே இருக்கின்றது என்பதை நோக்குதல் வேண்டும். குவைத் நாட்டின் மித்ரிபாவில் 2016ஆம் ஆண்டில் 53.9 பாகை செல்சியஸ் பதிவாயிற்று. ஆனால் நீராற் குளிரூட்டப்படும் எஞ்சினில், தேர்மோஸ்டாட் நீரை ஏறத்தாழ 90 பாகையில் நிறுத்த முயல்கின்றது. ஆகையால் சாதாரணமாக ஓடும் காரின் எண்ணெய்க்கு, வெளியே 15 பாகையா 35 பாகையா என்பது பலரும் எண்ணுமளவுக்குப் பெரிய வேறுபாடன்று. பெரிய வேறுபாடு விசையோடு ஓட்டும்போது தோன்றுகின்றது. வேகக் காரொன்றைக் கடுமையாக ஓட்டினால் எண்ணெய்த் தொட்டியின் வெப்பநிலை 120, 130 பாகைக்கு ஏறலாம். தாங்கிப் படலத்தில் 150 பாகையும், பிஸ்டன் வளையங்களின் அருகே 200 பாகைக்கு மேலும் செல்லும். டேர்போ பொருத்திய காரை ஓடிய சூட்டோடு நிறுத்தினால், ஓட்டமற்று நின்ற எண்ணெய் டேர்போவின் அச்சருகே வெந்து கரியாகும். வெயில் நாட்டில் கூடுதலாக நிகழ்வது யாதெனின், இவ்வெப்பத்தை வெளியேற்றும் ஆற்றல் குறைந்துவிடுகின்றது. வெளிக்காற்றே சூடாயிருப்பதால் எண்ணெய்க் குளிரூட்டி தன் வேலையை முழுதாகச் செய்ய முடிவதில்லை. நெரிசல் மிகுந்த தெருவில் ஊர்ந்து செல்லும்போது அக்காற்றும் கிடைப்பதில்லை. ஒட்சியேற்றத்தின் வேகமோ ஒவ்வொரு 10 பாகைக்கும் ஏறத்தாழ இரட்டிக்கும் என்பது பொறியியலாளர் கைக்கொள்ளும் பொது விதி.

இவ்வெப்பங்களில் எண்ணெய் எவ்வாறு நிற்கும் என்பதைக் கூற மூன்று அளவைகள் உள்ளன. முதலாவது 100 பாகையில் உள்ள பாகுநிலை. செக்கனுக்குச் சதுர மில்லிமீற்றர் என்னும் அலகில், 30 தர எண்ணெய்க்கு இது 9.3 முதல் 12.5 வரையும், 40 தரத்திற்கு 12.5 முதல் 16.3 வரையும், 50 தரத்திற்கு 16.3 முதல் 21.9 வரையும் இருக்கும். இரண்டாவது, 150 பாகையில் எண்ணெயை மிகு வேகத்தில் அரைத்துக்கொண்டே அளக்கும் பாகுநிலை. தாங்கிப் படலத்தின் உண்மை நிலைக்கு மிக அண்மையானது இதுவே. 30 தரத்திற்கு இது 2.9 மில்லிபஸ்கால் செக்கனிற் குறையலாகாது. 5W-40 போன்றவற்றிற்கு 3.5இற் குறையலாகாது, 50, 60 தரங்களுக்கு 3.7இற் குறையலாகாது. மூன்றாவது நோவாக் சோதனை. 250 பாகையில் ஒரு மணி நேரம் வைத்து, எண்ணெயின் எடையில் நூற்றுக்கு எத்தனை பங்கு ஆவியாயிற்று என அளப்பது இது. அமெரிக்கத் தரவிதி 15 பங்கு வரை பொறுக்கும். ஐரோப்பாவின் A3/B4 விதி 13 பங்குக்கு மேல் இடங்கொடாது. ஆவியாவது எண்ணெயின் மெல்லிய பகுதியாதலின், எஞ்சுவது தடிக்கும், எண்ணெய்மட்டமும் தாழும்.

இவ்வளவைகளை மறந்து பெயரை மட்டும் நம்புவதன் விளைவை 1999ஆம் ஆண்டின் வழக்கொன்று காட்டிற்று. நிலத்தடி எண்ணெயை மிகு அழுத்தத்தில் ஐதரசனுடன் சேர்த்து, அதன் மூலக்கூறுகளை உடைத்தும் திருத்தியும் சுத்திகரிக்கும் முறை அதற்குள் வளர்ந்திருந்தது. இவ்வாறு கிடைத்த எண்ணெய், பல்-அல்பா-ஒலிஃபீனுக்குப் பல குணங்களில் அண்மித்தது. விலையிலோ மிகத் தாழ்ந்தது. காஸ்ட்ரோல் கொம்பனி தன் சின்டெக் எண்ணெயில் இதனைப் பயன்படுத்தி அதனைச் சிந்தெட்டிக் என்றே விற்றது. மொபில் கொம்பனி இதனை எதிர்த்து, அமெரிக்க விளம்பரத் துறையின் சுயகண்காணிப்பு அமைப்பிடம் முறையிட்டது. நிலத்திலிருந்து எடுத்ததைச் சுத்திகரித்தல் தொகுத்தலாகாது என்பது மொபிலின் வாதம். மூலக்கூறுகள் இரசாயன முறையில் மாற்றப்பட்டுள்ளமையால் அச்சொல் பொருந்தும் என்பது காஸ்ட்ரோலின் வாதம். தீர்ப்பு காஸ்ட்ரோலுக்குச் சார்பாயிற்று. அன்று முதல் உலகின் பெரும்பாகத்தில் சிந்தெட்டிக் என்னும் சொல் ஒரு பொருளின் பெயராயிராது, விற்பனைப் பெயராயிற்று. ஜேர்மனியில் மட்டும் முழுத் தொகுப்பெண்ணெய் என்னும் பெயரைப் பழைய பொருளிலேயே வழங்கும் நிலை தொடர்ந்தது.

இதனாற் புதிய சுத்திகரிப்பெண்ணெய் தாழ்ந்தது என முடிவு செய்தல் தவறு. அமெரிக்கப் பெற்றோலிய நிறுவனம் அடிப்படை எண்ணெய்களை ஐந்து பிரிவுகளாக வகுத்துள்ளது. முதல் மூன்றும் சுத்திகரிப்பின் தரத்தால் உயர்ந்து செல்வன, நான்காவது பல்-அல்பா-ஒலிஃபீன், எசுத்தர் முதலிய ஏனையவை ஐந்தாவது. 2011ஆம் ஆண்டில் உற்பத்தி தொடங்கிய கட்டார் நாட்டின் பேர்ல் ஆலையில், ஃபிஷர், ட்ரொப்ஷ் கண்ட முறையின் வழியே இயற்கை வாயுவிலிருந்து மிகத் தூய எண்ணெய் ஆக்கப்படுகின்றது. அதுவும் மூன்றாம் பிரிவிலேயே அடங்கும். ஆகவே பிரிவின் இலக்கமும் முழு உண்மையைக் கூறிவிடாது. எண்ணெய் தேறிய சோதனைகளே கூறும்.

இதற்கிடையில் மற்றொரு மாற்றமும் நிகழ்ந்தது. 1973ஆம் ஆண்டின் எண்ணெய் நெருக்கடியின் பின், 1975ஆம் ஆண்டில் அமெரிக்கா கார்களின் எரிபொருட் சிக்கனத்திற்குச் சட்டம் இயற்றியது. மெல்லிய எண்ணெய் எரிபொருளைச் சிறிது மிச்சப்படுத்துமாதலால் உற்பத்தியாளர் படிப்படியாக 5W-20, 0W-20 என இறங்கினர். ஆகவே ஒரு நாட்டின் கைந்நூலில் எழுதிய தரம் எஞ்சினின் தேவையை மட்டும் காட்டுவதன்று. அந்நாட்டின் சட்டத்தையும் காட்டுவதாம். இதற்கு ஃபோர்ட் கொம்பனியின் மஸ்டாங் தக்க சான்று. 2011ஆம் ஆண்டு வகையின் 5 லீற்றர் எஞ்சினுக்கு அக்கொம்பனி 5W-20 விதித்தது. 2012ஆம் ஆண்டில், ஓட்டப்பந்தயத் தடத்திற்கென ஆக்கிய பொஸ் 302 என்னும் வகைக்கு, அதே குடும்பத்து எஞ்சினில் 5W-50 ஊற்றியது. எஞ்சின் ஏறத்தாழ ஒன்று. எண்ணெயில் ஏறும் வெப்பம் வேறு.

அதனால் தடித்ததே என்றும் நல்லது என்பார்க்கும் வரலாறு மறுமொழி வைத்துள்ளது. மிகு வலுவுடைய நிசான் ஜி.ரி.ஆர். காருக்கு 0W-40 எண்ணெயே ஆலையில் ஊற்றப்பட்டது. 2000ஆம் ஆண்டில் வெளிவந்த பி.எம்.டபிள்யூ. எம்3 வகைக்கோ 10W-60 விதிக்கப்பட்டது. இரண்டும் வேகக் கார்களே. தாங்கிகளின் இடைவெளி, எண்ணெய்ப் பம்பின் ஆற்றல், குளிரூட்டியின் அளவு ஆகியவை வேறு வேறாதலின் எண்ணெயும் வேறாயிற்று. ஒன்றன் எண்ணெயை மற்றதற்கு ஊற்றுதல் அறிவுடைமையாகாது.

இவ்வரலாற்றிலிருந்து வெயில் நாட்டில் வேகக் கார் வைத்திருப்போன் பெறத்தக்க முறை ஒன்றுண்டு. முதலில், தன் நாட்டிற்கெனக் கார் உற்பத்தியாளர் அச்சிட்ட கைந்நூலை நோக்கவேண்டும். அதில் 5W-30, 5W-40 எனப் பல தரங்களுக்கு இடமிருப்பின், கடும் ஓட்டத்திற்கும் கோடைக்கும் உயர்ந்த தரத்தைக் கொள்ளலாம்; கைந்நூலின் எல்லையைக் கடக்க வேண்டியதில்லை. அடுத்து, போத்தலின் முன்புறத்துப் பெரிய எழுத்தை விட்டுப் பின்புறத்துச் சிறிய எழுத்தை வாசிக்கவேண்டும். உற்பத்தியாளரின் அங்கீகார இலக்கம் அங்கே இருத்தல் வேண்டும். ‘ஏற்றது’ என்று எண்ணெய்க் கொம்பனி தானே கூறிக்கொள்வது வேறு, கார் உற்பத்தியாளர் சோதித்து அங்கீகரித்தது வேறு. 150 பாகைப் பாகுநிலையும் நோவாக் அளவும் கொம்பனியின் தரவுத்தாளிற் கிடைக்குமாயின் ஒப்பிட்டுக் கொள்ளலாம். நேரடியாகப் பெற்றோல் பாய்ச்சும் சிறிய டேர்போ எஞ்சின்களில், காலத்திற்கு முன்னரே கலவை தீப்பற்றிப் பிஸ்டனை உடைக்கும் ஒரு கேடு உண்டு. அதனைத் தடுக்கும் சோதனை 2018ஆம் ஆண்டில் எஸ்.என். பிளஸ் தரத்திலும், 2020ஆம் ஆண்டில் எஸ்.பி. தரத்திலும் சேர்க்கப்பட்டது, அத்தகைய கார்களுக்கு இவற்றிற்கு முந்திய தரங்கள் தகா.

எவ்வளவு சிறந்த எண்ணெயும் காலங் கடந்தாற் கெடும். வெப்பமும் நெரிசலும் தூசும் மிகுந்த ஓட்டத்தைக் கைந்நூல்கள் கடும் பாவனை என்றே வகுத்து, எண்ணெய் மாற்றும் இடைவெளியைக் குறைக்கச் சொல்கின்றன. விலை உயர்ந்த எண்ணெயை ஊற்றிவிட்டோம் என்னும் நம்பிக்கையில் அவ்விடைவெளியை நீட்டுவோன், தொகுப்பெண்ணெய் தந்த நன்மையைத் தானே அழித்துக்கொள்கின்றான். விலை உயர்ந்த பொருளுக்குப் போலியும் உண்டாதலின், அறியப்பட்ட விற்பனையாளரிடம் முத்திரை உடையாத போத்தலை வாங்குதலும் தெரிவின் ஒரு பகுதியேயாம்.

மாட்டுக்கொழுப்பை நம்பியோரை நீராவியின் வெப்பம் திருத்தியது. மாற்றெண்ணெயை நம்பியோரைப் போர்க்காலக் கோடை திருத்தியது. எழுதிய எண்ணை நம்பியோரை அறுந்த மூலக்கூறுகள் திருத்தின. இத்திருத்தங்கள் ஒவ்வொன்றும் உடைந்த எஞ்சின்களை விலையாகக் கொடுத்துப் பெறப்பட்டவை. அவ்விலை முன்னரே கொடுக்கப்பட்டுவிட்டது. அதனை மீண்டும் தன் காரினாற் கொடுக்கவேண்டிய கடமை இன்றைய ஓட்டுநனுக்கு இல்லை. தாளில் அச்சிட்ட சில எண்களைப் பொறுமையோடு வாசிப்பானாயின் அதுவே போதும்.